கால்சட்டைப் பையில் எரிந்த 18650: ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது

வேப் கருவி (மின்சிகரெட்) பயன்படுத்தும் ஒருவர். வயது முப்பதைத் தாண்டவில்லை. 18650 என்னும் உருளை வடிவ லித்தியம் அயான் பேட்டரி இரண்டு போடும் பெட்டி வகைக் கருவி அவருடையது. கருவிக்குள் ஒரு ஜோடி, உதிரியாக இன்னொரு ஜோடி. அந்த உதிரி ஜோடியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஜீன்ஸின் வலது பையில் சாவிக்கொத்தோடு போட்டிருந்தார். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நாலு எட்டு வைத்திருப்பார். தொடையில் சுரீரென்று சூடு. என்னவென்று பார்க்கக் கையை உள்ளே விட்டதும் சீறல் சத்தம், அப்புறம் புகை, அப்புறம் தீ. தொடையில் ஆழமான தீக்காயம், விரல்களில் கொப்புளம். பக்கத்தில் இருந்தவர்கள் ஜீன்ஸைக் கத்தரித்து எடுத்து, தண்ணீர் ஊற்றி, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

பேட்டரி பேக்குகளைப் பழுதுபார்ப்பதும் அவற்றுக்குள் இருக்கும் தனித்தனி பேட்டரிகளான செல்களைச் சோதிப்பதும் என் தொழில். எரிந்த செல், எரியாமல் தப்பிய அதன் ஜோடி, சாவிக்கொத்து, கருவி, கருவிக்குள் இருந்த இரண்டு செல்கள், சார்ஜர் எல்லாவற்றையும் அவருடைய அண்ணன் என்னிடம் கொண்டுவந்தார். “மெஷின்தானே வெடிச்சது? இல்ல சார்ஜரா?” என்பதுதான் அவர் கேட்டது. இரண்டும் இல்லை. பாதிக்கப்பட்டவர் குணமான பிறகு, அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். இதைப் படித்து ஒருவராவது பையில் கிடக்கும் உதிரி பேட்டரியை வெளியே எடுத்தால் போதும் என்பதே என் எண்ணம். வேப் பிடிப்பது உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்பது வேறு பேச்சு. அதற்குள் நான் போகவில்லை.

கருவியை முதலில் விலக்கியது

எல்லோருடைய சந்தேகமும் கருவி மேல்தான் விழுகிறது, அதனால் அதைத்தான் முதலில் பார்த்தேன். பேட்டரி அறையில் கருகல் இல்லை, இரண்டு முனைகளிலும் ஸ்பிரிங் தொடுப்புகள் நிமிர்ந்து சுத்தமாக இருந்தன. உள்ளே இருந்த இரண்டு செல்களின் மின்னழுத்தத்தை அளந்தால் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல செல் போட்டு ஓட்டிப் பார்த்தேன். வெளியீடு சரி, ஷார்ட் பாதுகாப்பும் வேலை செய்தது. சார்ஜரும் 4.2 வோல்ட்டில் ஒழுங்காக நின்றது. தீப்பிடித்த நேரத்தில் அந்தச் செல் கருவியிலும் இல்லை, சார்ஜரிலும் இல்லை. வெறும் பையில் இருந்தது.

இது அரிதான சங்கதி அல்ல. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 வரை அந்நாட்டு ஊடகங்களில் செய்தியான 195 மின்சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளை அதில் தொகுத்திருந்தார்கள். அவற்றில் 61 நிகழ்வுகளில் கருவியோ உதிரி பேட்டரியோ சட்டை, கால்சட்டைப் பைக்குள் இருந்தது. பயன்படுத்தும்போது நடந்தவை 60, சார்ஜ் ஏறும்போது நடந்தவை 48. சார்ஜ் போடும்போது மட்டும் பயந்து, பையில் போடும்போது பயப்படாமல் இருப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

சாவியில் இருந்த தடயம்

சாவிக்கொத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பித்தளைச் சாவி ஒன்றின் பல்வரிசையில் இரண்டு சின்னக் குழிகள். ஊசியால் குத்தியது போன்ற குழி இல்லை. விளிம்பு உருகி வழிந்து, மறுபடி இறுகியது போல வழவழப்பாக இருந்தது. இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் தூரம். எரிந்த செல்லின் நேர்முனைத் தலையில், உலோகக் குடுவை மடங்கி உள்ளே வளையும் விளிம்பில், அதேபோல ஒரு உருகல் பொட்டு. நடுவில் இருக்கும் நேர்முனை வட்டிலும் ஒன்று. சாவிப் பல் அந்த இரண்டையும் ஒரே சமயத்தில் தொட்டிருக்கிறது. வெளி ஷார்ட், அதாவது செல்லுக்கு வெளியே இரண்டு முனைகளும் நேரடியாக இணைந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு 18650 எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கடைசி 0 உருளை வடிவத்தைக் குறிக்கிறது. அடிப்பக்கம்தான் எதிர்முனை என்று பலர் நினைக்கிறார்கள். அடி மட்டும் இல்லை. பக்கச் சுவர் முழுக்க, மேலே மடங்கிவரும் விளிம்பு வரைக்கும் அந்த எஃகுக் குடுவை மொத்தமும் எதிர்முனை. மேலே நடுவில் இருக்கும் சின்ன வட்டு மட்டும் நேர்முனை. இரண்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு மெல்லிய கேஸ்கெட் வளையம். அதற்கு மேலே ஒரு இன்சுலேட்டர் வளையம், பெரும்பாலும் வெள்ளை நிறம். அப்புறம் எல்லாவற்றையும் மூடி ஒரு பிளாஸ்டிக் உறை. அந்த உறை காகிதத்தை விடக் கொஞ்சம்தான் தடிமன். அதில் தலைப்பக்கம் ஒரு கீறல் விழுந்தால், நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே ஒரு சாவிப் பல் அளவு இடைவெளிதான் மிச்சம்.

தொட்டுவிட்டால் என்ன ஆகும்? வேப் கருவிக்கென்று விற்கப்படும் நல்ல செல்லின் உள்தடை (மின்னோட்டத்துக்குச் செல்லே தரும் தடை) சுமார் 20 மில்லி ஓம். 4.2 வோல்ட்டை அதால் வகுத்தால் 200 ஆம்பியருக்கு மேல் வரும். சாவி தொடும் இடத்தின் தடை குறுக்கே வருவதால் அவ்வளவு ஓடாது என்றே வைத்துக்கொள்வோம். பாதி, அதாவது 100 ஆம்பியர் ஓடினாலும் செல்லுக்குள் மட்டும் 200 வாட் வெப்பம் பிறக்கிறது. 45 கிராம் எடையுள்ள செல் நொடிக்கு 4 டிகிரிக்கு மேல் சூடேறும். அரை நிமிடத்துக்குள் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதன்பிறகு சாவி விலகினாலும் பயனில்லை. 80 முதல் 120 டிகிரிக்குள் எதிர் மின்வாயின் மேலிருக்கும் பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்கும், அந்த வேதிவினையே வெப்பம் தரும். 130 டிகிரியை ஒட்டி இரண்டு மின்வாய்களையும் பிரிக்கும் பாலிஎத்திலீன் தாள் உருகும். அப்புறம் உள்ளேயே ஷார்ட். இன்னும் மேலே போனால் நேர் மின்வாயின் ஆக்ஸைடு ஆக்சிஜனை விடும், எரியக்கூடிய கரைப்பான் ஆவியாகி வெளியே பீறிடும். தெர்மல் ரன்அவே என்று சொல்வது இதைத்தான். வெளிக்காற்று வேண்டாம், வெளித்தீ வேண்டாம். தேவையான எல்லாமே உள்ளே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சூட்டை உணர்ந்த நொடியில் அது ஏற்கெனவே திரும்ப முடியாத இடத்தை நெருங்கிவிட்டது.

முழு சார்ஜில் இருந்தது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அதே செல் பாதி சார்ஜில் இருந்திருந்தால் உள்ளே இருக்கும் ஆற்றலும் குறைவு, வினையின் வேகமும் குறைவு.

ஜோடி செல்லைப் பிரித்துப் பார்த்தபோது

இந்த அளவில் ஆய்வை முடித்து, ‘சாவியோடு பேட்டரியைப் போடாதீர்கள்’ என்று எழுதிவிடலாம். ஆனால் பையில் சாவியோடு பேட்டரி போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. இந்தச் செல்லுக்கு ஏன் ஆனது என்பதற்கு விடை, எரியாமல் தப்பிய ஜோடியில் இருந்தது.

உறையின் மேல் பளிச்சென்று அச்சிட்டிருந்தது 3500 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவு), 35 ஆம்பியர். எந்தத் தயாரிப்பாளர் என்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரில் செல் தயாரிக்கும் தொழிற்சாலை கிடையாது. வேறு யாரோ செய்த செல்லை வாங்கித் தன் உறையை மாட்டி விற்கும் பெயர். இந்த மறு உறை வியாபாரம் தன்னளவில் மோசடி அல்ல. உள்ளே நல்ல செல்லை வைத்து, உண்மையான அளவைப் போடுபவர்களும் உண்டு. இங்கே உறையை மெதுவாகக் கிழித்ததும் விஷயம் வெளியே வந்தது.

முதலில், இன்சுலேட்டர் வளையம் இல்லை. உறைக்குக் கீழே நேராக உலோக விளிம்பு. மாற்றி மாட்டியவர் பழைய வளையத்தைப் பழைய உறையோடு தூக்கிப் போட்டுவிட்டார், புதிது வைக்கவில்லை. வளையம் இருந்திருந்தால் உறை கிழிந்தாலும் அந்த விளிம்புக்கு மேல் இன்னொரு தடுப்பு இருந்திருக்கும். இந்த முழு நிகழ்விலும் என் மனதை அதிகம் உறுத்தியது இந்தச் சின்ன வளையம்தான்.

இரண்டாவது, அடிப்பக்கம். எதிர்முனைத் தட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடுகள் வட்டமாக ஓடின. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்தக் கோடுகளுக்கு அடியில் ஜோடி ஜோடியாகச் சின்னப் பள்ளங்கள். ஸ்பாட் வெல்டிங் தழும்பு. புதுச் செல்லில் இது இருக்கவே முடியாது. பேக்கில் நிக்கல் பட்டையோடு பற்றவைத்து, பிறகு பிய்த்தெடுத்த செல்லில்தான் இருக்கும். குடுவையின் பக்கச் சுவரில் தயாரிப்பாளரின் குறியீடு இருக்க வேண்டிய இடமும் சுரண்டப்பட்டிருந்தது.

அப்புறம் அளவுகள். கொள்ளளவு சோதனையில் 1300 எம்ஏஎச்சைச் சுற்றி நின்றது. உள்தடை 45 மில்லி ஓம் அளவில் இருந்தது. டிரில் மெஷின் போன்ற கைக்கருவிகளின் பேக்கில் போடும் 1500 எம்ஏஎச் செல், உழைத்துத் தேய்ந்தபின் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அதாவது ஒரு காலத்தில் நல்ல செல். ஓய்ந்தபின் புதுச் சட்டை போட்டு இரண்டு மடங்குக்கு மேல் பொய் எண் எழுதி விற்றிருக்கிறார்கள்.

பொய் எண் எப்படிப் பைக்குள் கொண்டுவந்தது

‘ஒரு ஜோடி அரை நாளுக்குக்கூட வரல, அதான் இன்னொரு ஜோடி வாங்கிப் பையில வெச்சுக்குவேன்’ என்றார் பாதிக்கப்பட்டவர், பின்னால் பேசியபோது. பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததற்குக் கருவியைத்தான் குறை சொல்லியிருக்கிறார். 3500 என்று நம்பி வாங்கியது 1300 கொடுத்தால் சீக்கிரம் தீரத்தான் செய்யும். தீர்ந்ததால் உதிரி. உதிரியால் பை. பையில் சாவி. வளையம் இல்லாத தலை. ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்த சங்கிலி இது. அதன் முதல் கண்ணி உறையில் அச்சிட்ட எம்ஏஎச் எண்.

பேட்டரி சூடானதா என்று கேட்டேன். கருவியின் பக்கம் நன்றாகவே சுடும் என்றும், அது வழக்கம்தான் என்று இருந்துவிட்டதாகவும் சொன்னார். வழக்கம் இல்லை. கைக்கு இளஞ்சூடு தெரிவது சரி; பிடிக்கவே யோசிக்க வைக்கும் சூடு என்றால் அந்தச் செல்லிடம் தகுதிக்கு மீறி வாங்குகிறோம் என்று பொருள். பையில் எரியாமல் போயிருந்தால், என்றாவது ஒருநாள் கைக்குள் எரிந்திருக்க வாய்ப்பு உண்டு. ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போட வேண்டும்.

ஆம்பியர் கணக்கு

வேப் கருவிக்கான செல்லில் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை ஆம்பியரை இடைவிடாமல் தரும் என்பது. எம்ஏஎச் அதற்குப் பிறகுதான். மின்னணுக் கட்டுப்பாடுள்ள கருவியில் காயிலின் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளின்) ஓம் அளவைப் பார்த்துச் செல்லின் ஆம்பியரைக் கணக்கிடுவது பலர் செய்யும் தவறு. நடுவில் இருக்கும் மின்சுற்று நீங்கள் வைத்த வாட்டை எப்படியாவது தந்தாக வேண்டும் என்று செல்லிலிருந்து இழுக்கும். அதனால் வாட்டை வைத்துத்தான் கணக்கு. வாட்டைச் செல்களின் எண்ணிக்கையால் வகுங்கள். வருவதை 3.2 வோல்ட்டால் வகுங்கள். செல் தீரும் தறுவாயில், சுமையோடு, சுமார் அந்த அளவுக்கு மின்னழுத்தம் இறங்கியிருக்கும் என்பதால். மின்சுற்றில் வீணாவதற்காக மறுபடி 0.9 ஆல் வகுங்கள்.

இவர் வைத்திருந்தது 130 வாட். இரண்டு செல், ஒவ்வொன்றுக்கும் 65. 3.2 ஆல் வகுத்தால் 20.3. 0.9 ஆல் வகுத்தால் 22.6 ஆம்பியர். செல் தீரத் தீர மின்னழுத்தம் இறங்கும், கருவி அதை ஈடுகட்ட இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். ஆகவே கடைசி இழுப்புகள்தான் செல்லுக்கு மிகக் கடினமானவை. 45 மில்லி ஓம் உள்தடையுள்ள செல்லில் 22.6 ஆம்பியர் ஓடினால், ஒரு வோல்ட் உள்ளேயே தொலைந்து 23 வாட் அளவுக்கு வெப்பமாகிறது. பக்கம் சுட்டதன் காரணம் இது.

3500 எம்ஏஎச்சும் 35 ஆம்பியரும் ஒரே 18650 செல்லில் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததுமே கீழே வைத்துவிட வேண்டும். நடைமுறையில் இரண்டும் தராசின் இரண்டு தட்டுகள். அதிக ஆம்பியர் வேண்டுமென்றால் மின்வாய்ப் பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும், மின்சாரம் கடத்தும் உலோகத் தாளுக்கு அதிக இடம் போகும், ஆற்றலைச் சேர்க்கும் பொருளுக்கு இடம் குறையும். தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்களைப் பாருங்கள். சாம்சங் 35இ 3500 எம்ஏஎச், ஆனால் இடைவிடாமல் 8 ஆம்பியர்தான். எல்ஜி எம்ஜே1 அதே 3500, 10 ஆம்பியர். சாம்சங் 25ஆர் 2500 எம்ஏஎச்சோடு 20 ஆம்பியர் தருகிறது. எல்ஜி எச்பி6 30 ஆம்பியர் தர, 1500 எம்ஏஎச்சோடு நிற்கிறது. நடுவில் சாம்சங் 30க்யூ 3000 எம்ஏஎச், 15 ஆம்பியர். எல்ஜி எச்ஜி2 3000, 20 ஆம்பியர். முராட்டா விடிசி5ஏ 2600 எம்ஏஎச், 25 ஆம்பியர். இது முன்பு சோனி பெயரில் வந்தது. 1991-ல் லித்தியம் அயான் பேட்டரியை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த சோனி, 2017-ல் அந்தத் தொழிலை முராட்டாவிடம் கொடுத்துவிட்டது. மொலிசெல் பி26ஏ 2600 எம்ஏஎச்சுக்கு 35 ஆம்பியர் என்று தரவுத்தாள் சொல்கிறது. அதை நான் 25 ஆம்பியர் என்றே எடுத்துக்கொள்வேன். உச்ச அளவில் ஓட்டினால் எந்தச் செல்லும் சீக்கிரம் தேயும், வெப்பத்துக்கு இடம் விட்டே வாங்க வேண்டும்.

5000, 9900 எம்ஏஎச் என்று எழுதிய 18650 வந்தால் பேச்சே வேண்டாம். நல்ல தயாரிப்பாளர்களின் 18650 நீண்ட காலமாகப் பெரும்பாலும் 3500, 3600 அளவில்தான் நிற்கிறது. பெரிய எண் வேண்டுமென்றால் பெரிய செல்லுக்குப் போக வேண்டும். 21700 அளவில் மொலிசெல் பி42ஏ 4200 எம்ஏஎச்சும் நல்ல ஆம்பியரும் தருகிறது. ஆனால் அதற்கேற்ற கருவி வேண்டும்.

இன்னொரு தந்திரம், உறையில் பெரிதாக ஆம்பியர் போட்டு, சின்ன எழுத்தில் ‘பல்ஸ்’ என்று எழுதுவது. ஒரு நொடி, இரண்டு நொடி தாங்குவது பல்ஸ் அளவு. எத்தனை நொடி, இடையில் எவ்வளவு ஓய்வு என்பதற்குப் பொது விதி இல்லாததால் அந்த எண்ணை வைத்து ஒன்றையும் ஒப்பிட முடியாது. நேரத் தடுப்பு இல்லாத கருவியின் பொத்தான் பைக்குள் அழுந்திக் கிடந்தால் இழுப்பு நிற்காது. அப்போது தாங்குவது இடைவிடா அளவு மட்டுமே.

வாங்கிய செல் உண்மையானதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். எடை நல்ல தடயம்: ஒழுங்கான உயர் ஆம்பியர் 18650 சுமார் 44 முதல் 49 கிராம் இருக்கும், முப்பதுகளில் நின்றால் உள்ளே ஏமாற்று. ஆனால் எடை சரியாக இருந்தால் செல்லும் சரி என்று ஆகாது, இந்த நிகழ்வின் செல்லே சாட்சி: பார்க்கவும் தூக்கவும் கனமாகத்தான் இருந்தது. உறையை ஒட்டி உள்ளே வளையம் தெரிகிறதா, அடித்தட்டு கீறல் இல்லாமல் வழவழப்பாக இருக்கிறதா, எழுத்து மங்கலில்லாமல் அச்சாகியிருக்கிறதா, தேதிக் குறியீடு தயாரிப்பாளரின் முறைப்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்ன சோதனைக் கருவி உள்ள நல்ல சார்ஜர் கொள்ளளவையும் உள்தடையையும் காட்டிவிடும். புதிய செல் வந்த உடனே ஒருமுறை அளந்து குறித்துவைப்பது என் சிபாரிசு.

ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. இந்தச் செல்களைச் செய்யும் பெரிய நிறுவனங்கள் எவையும் இவற்றைத் தனியாகக் கையில் வைத்துப் பயன்படுத்தத் தயாரிக்கவில்லை. பாதுகாப்புச் சுற்றோடு கூடிய பேக்குகளுக்குள் போவதற்கே செய்கின்றன. பல செல்களின் உறையிலேயே மின்சிகரெட்டில் போடாதே என்று எழுதியிருக்கிறது. 2021 ஜனவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் தனி 18650 செல்களை வாங்காதீர்கள், பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தது. ஆகவே ‘பாதுகாப்பான செல்’ என்பது ஒப்பீட்டில்தான். என்னைக் கேட்டால், செல்லை அடிக்கடி வெளியே எடுக்கத் தேவையில்லாத, உள்ளேயே பேட்டரி உள்ள, யூஎல் 8139 தரச்சோதனை தேறிய கருவியே பெரும்பாலோருக்கு நல்லது. அந்தத் தரநிலை மின்சிகரெட்டின் மின்சுற்று, பேட்டரி, சார்ஜ் முறை ஆகியவற்றுக்கென்றே எழுதப்பட்டது. பேட்டரி மாற்றும் கருவிதான் வேண்டும் என்பவர்கள் செல்லின் பொறுப்பையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறார்கள்.

மெக்கானிக்கல் வகையைப் பற்றி

இந்த நிகழ்வின் கருவி அந்த வகை இல்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மெக்கானிக்கல் வகையில் செல்லுக்கும் காயிலுக்கும் நடுவே மின்சுற்றே கிடையாது. ஒரு குழாய், ஒரு பொத்தான், அவ்வளவே. அங்கே கணக்கு ஓம் விதிப்படி: 4.2 வோல்ட்டைக் காயிலின் ஓமால் வகுக்க வேண்டும். 0.15 ஓம் காயில் என்றால் 28 ஆம்பியர். காயில் ஷார்ட் ஆனால் தடுக்க யாரும் இல்லை. அதிலும் ஹைப்ரிட் இணைப்பு என்னும் அமைப்பில், திரவமும் காயிலும் இருக்கும் டேங்கின் நடுப்பின்னே செல்லின் நேர்முனையைத் தொடும். அந்தப் பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்காவிட்டால் சுற்றியுள்ள எதிர்ப்பகுதி நேர்முனையைத் தொட்டு உடனடி ஷார்ட். அப்போது வரும் வாயு வெளியேறத் துளை போதாவிட்டால் குழாயே வெடிகுண்டு. 2018 மே மாதம் புளோரிடாவில் ஒருவர் வேப் கருவி வெடித்து இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸில் இன்னொருவர், உடைந்த உலோகத் துண்டு கழுத்து நாளத்தைக் கிழித்ததால். புதிதாக வருபவர்கள் இந்த வகையைத் தொடவே வேண்டாம்.

காயத்தின் தன்மை

மருத்துவமனையில் ‘ஜீன்ஸ் தீப்பிடித்தது’ என்று மட்டும் முதலில் சொல்லியிருக்கிறார்கள். லித்தியம் பேட்டரி என்று பிறகுதான் தெரிந்திருக்கிறது. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் காயத்தில் தீ மட்டும் இல்லை. செல்லுக்குள் இருக்கும் கரைசலான மின்பகுளியில் உள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைத் தரக்கூடும். சிதறும் கழிவு காரத்தன்மை உள்ளதாகவும் இருக்கும். மருத்துவர்கள் தோலின் பிஎச் அளவைப் பார்த்து, வேதிப்பொருள் எஞ்சியிருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டும். சியாட்டிலில் ஒரு மருத்துவமனை 2015 அக்டோபர் முதல் 2016 ஜூன் வரை பார்த்த 15 மின்சிகரெட் வெடிப்பு நோயாளிகளில் 80 சதவீதத்தினருக்குத் தீக்காயமும், 33 சதவீதத்தினருக்கு வேதிக்காயமும், 27 சதவீதத்தினருக்கு வெடிப்புக் காயமும் இருந்ததாக ஒரு மருத்துவ இதழில் எழுதியது. ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேலும் இருக்கலாம் என்பது அந்தக் கூட்டுத்தொகையிலேயே தெரிகிறது.

பையில் சூடு தெரிந்தால் கையை உள்ளே விடக் கூடாது. உடையைக் கழற்றி எறிய வேண்டும், எட்டி நிற்க வேண்டும், புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. கூச்சம் பார்க்கும் நேரம் அது இல்லை.

மாற்றியவை

குணமாகித் திரும்பியவர் வேப்பை விடவில்லை. அது அவருடைய முடிவு. ஆனால் செல் விஷயத்தில் நான் சொன்னதை வார்த்தை பிசகாமல் கேட்டார். மொலிசெல் பி26ஏ ஒரே தொகுதியில் இரண்டு வாங்கினார். வாங்கிய நாளை இரண்டிலும் எழுதி, எப்போதும் சேர்ந்தே சார்ஜ் ஏற்றி, சேர்ந்தே பயன்படுத்துகிறார். தொடரில் ஓடும் இரண்டு செல்களில் ஒன்று பழசாகவோ வேறு வகையாகவோ இருந்தால், பலவீனமானது முதலில் தீர்ந்து, மற்றது அதை அளவுக்குக் கீழே இழுத்துவிடும். ஜோடி பிரிக்கக் கூடாது என்பது அதனால்தான். வாட்டை 90-க்கு இறக்கியிருக்கிறார். அதே கணக்கின்படி ஒரு செல்லுக்கு 15.6 ஆம்பியர். கருவி இப்போது சுடுவதில்லை. உண்மையான 2600 எம்ஏஎச் என்பதால் உதிரி எடுத்துப்போகும் தேவையும் பெரும்பாலான நாட்களில் இல்லை.

எடுத்துப்போகும் நாளில் ஒவ்வொரு செல்லுக்கும் தனி அறை உள்ள பிளாஸ்டிக் பெட்டி. சிலிகான் உறையும் பரவாயில்லை, ஆனால் இரண்டு முனைகளும் மூடியிருக்க வேண்டும். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரியும் வேப் கருவியும் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்ற விதி இருப்பதும் இதே காரணத்தால்தான்: எரிந்தால் மனிதர் பக்கத்தில் இருந்து அணைக்க வேண்டும். அங்கேயும் முனைகள் மூடியிருந்தாக வேண்டும்.

உறையில் நகக்கீறல் அளவு கிழிசல் வந்தாலும் அந்தச் செல்லை ஓட்டக் கூடாது. வெப்பச் சுருக்க உறையும் புது வளையமும் தனியாகக் கிடைக்கின்றன. பழையதைக் கத்தியால் வெட்டாமல், அடிப்பக்கத்தில் இருந்து உரித்து, முதலில் வளையத்தை வைத்து, மேலே உறையை மாட்டி, முடி உலர்த்தும் கருவியின் சூட்டில் சுருக்கினால் போதும். தலையில் நசுங்கலோ, ஈரமோ, இனிப்பான கரைப்பான் வாசமோ இருந்தால் மாற்றுறை வேலைக்கு ஆகாது. அப்படிப்பட்ட செல்லைச் சேர்த்துவைக்கவும் கூடாது.

அந்தப் பழைய வகையில் எரியாமல் மிஞ்சியவை மூன்று செல்கள்: எரிந்ததன் ஜோடி, கருவிக்குள் இருந்த இரண்டு. கருவியில் இருந்தவற்றின் உறையையும் உரித்தேன். அவற்றிலும் வளையம் இல்லை, அடியில் அதே தழும்பு. மூன்றையும் மெதுவாக மின்னிறக்கம் செய்து, இரு முனைகளிலும் டேப் ஒட்டி, ஒன்றையொன்று தொடாமல் தனித்தனிப் பையில் போட்டு, லித்தியம் பேட்டரி வாங்கும் மறுசுழற்சி மையத்தில் கொடுத்தேன். குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கி அங்கே எரியும். எரிந்த செல்லைத் தனியே, உலர்ந்த மணல் நிரப்பிய உலோக டப்பாவில் கொடுத்தேன். அதைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம் என்று டப்பாவின் மேல் எழுதியும் வைத்தேன்.